புல்தரையில் நாறுவது சிக்கனம்

சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் அடுக்குமாடி வளாகங்களில் குடியிருக்கும் உங்களுக்கும், உங்கள் சார்பில் நிர்வாகம் பார்க்கும் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு மடல்.

மாலையில் தோட்டத்துக் குழாய்களைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் எழுகிறது. கீழ்த்தளத்து வீடுகளில் ஜன்னல்களைச் சாத்துகிறீர்கள். புல்தரையில் ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்கிறீர்கள். வளாகத்தின் வாட்ஸ்அப் குழுவில் புகார் எழுதினால், எஸ்.டி.பி. (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) தண்ணீர் என்றால் நாறத்தான் செய்யும் என்று பதில் வருகிறது. நீங்களும் அதை நம்பிவிடுகிறீர்கள். இந்த மடலை எழுத வைத்தது அந்த நம்பிக்கைதான். ஒழுங்காகச் சுத்திகரித்த கழிவுநீர் நாறாது. அது நாறினால், சுத்திகரிப்பு நடக்கவில்லை என்று பொருள். சுத்திகரிப்பு நடக்காமல் போனதற்குப் பெரும்பாலும் இயற்கையோ விதியோ காரணம் இல்லை. உங்கள் பணத்தில், உங்கள் பெயரில், உங்களைக் கேட்காமல் யாரோ எடுத்த ஒரு சிக்கன முடிவுதான் காரணம். அந்த முடிவை மாற்றும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

உங்கள் கட்டடத்தின் அடித்தளத்திலோ வளாகத்தின் பின்மூலையிலோ இருக்கும் சுத்திகரிப்புத் தொட்டிகளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கழிவுநீரில் கரைந்திருக்கும் அழுக்கைத் தின்று தீர்ப்பவை பாக்டீரியாக்கள். அவற்றுக்கு மூச்சுவிட ஆக்ஸிஜன் வேண்டும். புளோயர் என்கிற காற்றூதி, ஏரேஷன் (காற்றூட்டும்) தொட்டியின் அடியில் பதித்த குழாய்கள் வழியாக அந்தக் காற்றைக் கொடுக்கிறது. ஒரு லிட்டர் நீரில் சுமார் 2 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரைந்திருந்தால் போதும், அவை தம் வேலையை நன்றாகச் செய்யும். புளோயரை நிறுத்தினால் கரைந்திருந்த ஆக்ஸிஜன் விரைவில் தீர்ந்துபோகும். பிறகு ஆக்ஸிஜன் இல்லாமலே வாழத் தெரிந்த வேறு பாக்டீரியாக்கள் தலையெடுக்கும். அவை நீரில் இருக்கும் சல்பேட்டை எடுத்துக்கொண்டு ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை வெளியே விடும். உங்கள் மூக்கில் ஏறும் அழுகிய முட்டை நாற்றம் அதுதான். கடலோரத்து உவர்நீரில் சல்பேட் கூடுதலாக இருக்கும். ஆகவே பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி ஆழ்துளைக் கிணற்று நீரைப் புழங்கும் வளாகங்களில், காற்று குறைந்தால் நாற்றம் இன்னும் வேகமாகக் கிளம்பும். அந்த வாயு நீரிலேயே கரைந்து கிடந்து, ஸ்பிரிங்க்ளர் நீரைச் சிறு துளிகளாகச் சிதறடிக்கும் நொடியில் விடுபட்டுக் காற்றில் கலக்கிறது. தொட்டியில் மூடிக் கிடந்த குற்றம் புல்தரையில் வெளிப்படுவது இதனால்தான்.

சரி, காற்று ஏன் நிற்கிறது? சில இடங்களில் புளோயர் பழுதாகிக் கிடக்கும். காற்றுக் குழாய்களின் நுண்துளைகள் அடைத்திருக்கும். ஆனால் அதைவிட அடிக்கடி நடப்பது, மின்கட்டணத்தைக் குறைப்பதற்காக அதை வேண்டுமென்றே நிறுத்தி வைப்பதுதான். சுத்திகரிப்பு நிலையம் தின்னும் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதி காற்றூதிக்கே போகிறது. செலவைக் குறைக்கச் சொன்னால் முதலில் கை போகும் இடம் அந்தச் சுவிட்ச்தான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 வீடுகள் உள்ள வளாகத்தில் 10 குதிரைத் திறன் கொண்ட ஒரு புளோயர் இரவு பகலாக ஓடினால் நாளொன்றுக்குச் சுமார் 180 யூனிட் ஆகும். யூனிட்டுக்கு 9 ரூபாய் என்று வைத்தாலும் 1,620 ரூபாய். 300 வீடுகளுக்குப் பிரித்தால் ஒரு வீட்டுக்கு நாளைக்கு ஐந்தரை ரூபாய்கூட வராது. பாதி நேரம் நிறுத்தி வைப்பதால் ஒரு வீட்டுக்கு மிச்சமாவது மூன்று ரூபாய்க்கும் குறைவு. டீக்கடையில் ஒரு டீக்குக்கூடக் காணாத அந்தத் தொகைக்காகத்தான் உங்கள் பிள்ளைகள் மாலையில் வீட்டுக்குள் அடைபடுகிறார்கள். இந்தக் கணக்கை எந்தப் பொதுக்குழுவிலாவது உங்கள் முன் வைத்தார்களா? வைத்திருந்தால் எத்தனை பேர் சிக்கனத்துக்குக் கை தூக்கியிருப்பீர்கள்?

காற்று மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். தொட்டிகளின் அடியில் சேரும் கசடை உரிய காலத்தில் வெளியேற்றாவிட்டால் அது அங்கேயே அழுகி மேலே மிதந்து வரும். கசடை அள்ளிப் போகச் செலவாகும் என்பதால் அதையும் தள்ளிப்போடுவார்கள். மணல் வடிகட்டியை எதிர்த்திசையில் நீர் விட்டுக் கழுவாமல் விட்டால், கார்பன் வடிகட்டியில் இருக்கும் கரியை ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் விட்டால், சுத்தம் செய்ய வேண்டிய கருவியே அழுக்கின் கிடங்காகிவிடும். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. நன்றாகச் சுத்திகரித்த நீரும் நாள்கணக்கில் தேங்கினால் கெடும். ஒரு தலைக்கு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது இந்தியாவில் திட்டமிடுவோர் வைத்துக்கொள்ளும் அளவு. அதில் எண்பது விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும் என்பது அவர்களின் கணக்கு. 300 வீட்டில் 1,200 பேர் இருந்தால் அன்றாடம் ஒரு லட்சத்து முப்பதாயிரம் லிட்டர் அளவுக்குக் கழிவுநீர் வரும். ஆயிரம் சதுர மீட்டர் புல்தரைக்கு, வெயில் காலத்தில் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் என்று வைத்தாலும், ஐயாயிரம் லிட்டர் போதும். கழிப்பறையில் ஊற்ற இரண்டாவது குழாய் வரிசை போட்ட கட்டடமாக இருந்தால் ஐம்பதாயிரம் லிட்டருக்கு மேல் அதில் செலவாகும். அந்தக் குழாய் வரிசையை மூடி வைத்துவிட்ட வளாகங்களில் மீதி நீர் எங்கே போகும்? தொட்டியில் தேங்கும். பாதிச் சுத்தமாகத் தேங்கினால் அங்கேயும் காற்றற்ற அழுகல் தொடங்கும். மழை நாளில் நிரம்பி வழிந்து மழைநீர்க் கால்வாய்க்குள் போகும். தென்சென்னையில் அந்தக் கால்வாய்களில் பல 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கித்தான் ஓடுகின்றன.

இதற்கு உங்களிடம் சில தீர்வுகள் இருப்பது தெரியும். வாசனைத் திரவம் கலக்கலாம் என்கிறீர்கள். குளோரின் கூட்டி ஊற்றலாம் என்கிறீர்கள். புல்லுக்கு நீர் விடுவதை விடியற்காலை நான்கு மணிக்கு மாற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது என்கிறீர்கள். மூன்றும் ஒரே வகை. மூக்கிலிருந்து செய்தியை மறைக்கின்றன, செய்தி சொல்லும் காரியத்தைத் தொடுவதில்லை. வாசனைத் திரவத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். குளோரின் விஷயத்தில் மட்டும் நியாயமான ஒரு வாதம் உண்டு. அது கிருமியைக் கொல்லும், சல்பைடையும் மாற்றும். ஆனால் அழுக்கு தீராத நீரில் ஊற்றிய குளோரினை முதலில் அந்த அழுக்கும் சல்பைடுமே தின்றுவிடும். கிருமிகளைக் கொல்ல மிஞ்சுவது சொற்பம். அதற்குள் செடிகளின் இலைநுனி கருகத் தொடங்கும். நீர் தெளிந்த பிறகு கடைசியாகச் சேர்க்க வேண்டிய பொருள் குளோரின். முதல் வேலைகளைச் செய்யாமல் கடைசி வேலையை இரட்டிப்பாகச் செய்து பயனில்லை.

கொஞ்ச நேரம் நாறிவிட்டுப் போகட்டுமே, அதனால் யாருக்கு என்ன கேடு என்றும் கேட்கிறீர்கள். இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். திறந்தவெளியில் புல்தரையில் வீசும் அளவு ஹைட்ரஜன் சல்பைடு உங்களைக் கொன்றுவிடாது. மனித மூக்கு அதை நூறு கோடியில் ஒரு சில பங்கு இருந்தாலே கண்டுபிடித்துவிடும். எரிச்சல், தலைவலி, குமட்டல் என்ற மட்டத்தில் அது நிற்கும். கவலைப்பட வேண்டியது, அந்த வாசத்தோடு வந்தாலும் வாசம் காட்டாத மற்றவற்றைப் பற்றி. சல்பைடு வரும் அளவுக்குச் சுத்திகரிப்பு தோற்றுப்போன நீரில் மலக்கிருமிகளும் குறைந்திருக்க வழியில்லை. உலக சுகாதார நிறுவனம் 1989லேயே கழிவுநீர்ப் பாசனத்துக்கு வழிகாட்டி வெளியிட்டது. பச்சையாக உண்ணும் காய்கறிப் பயிர்களுக்கு 100 மில்லி லிட்டரில் ஆயிரம் மலக்கிருமிகள் வரை பொறுத்துக்கொண்ட அந்த வழிகாட்டி, மக்கள் நேரடியாகத் தொட்டுப் புழங்கும் பொதுப் புல்தரைகளுக்கு 200 தான் என்று கறாராகச் சொன்னது. புல்தரைக்கு ஏன் காய்கறித் தோட்டத்தைவிடக் கடுமையான விதி? குழந்தைகள் அதில் விழுந்து புரள்கிறார்கள், கையைக் கழுவாமல் வாயில் வைக்கிறார்கள் என்பதால்தான். உங்கள் புல்தரையில் தெளிக்கும் நீரில் அந்த எண் எவ்வளவு? உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சங்கச் செயலாளருக்குத் தெரியுமா?

இன்னொருவரைப் பற்றியும் இங்கே பேசியாக வேண்டும். அவருக்கு நீங்கள் ஒருநாளும் வணக்கம் சொல்லியிருக்கமாட்டீர்கள். பன்னிரண்டு மணி நேர வேலை முறையில் அந்தத் தொட்டிகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் எஸ்.டி.பி. ஆபரேட்டர் அவர். உங்கள் ஜன்னலுக்கு வந்து சேர்வது பல மடங்கு நீர்த்துப்போன வாயு. அதன் பிறப்பிடத்தில், மூடிய தொட்டிக்குள், அது வேறு பொருள். பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவை நெருங்கும்போது அது மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து உள்ளே இறங்குபவர், அளவு அதைவிடப் பல மடங்கு கூடியிருந்தால், சில மூச்சில் விழுந்துவிடுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். தமிழ்நாட்டில் அடுக்குமாடி வளாகங்களின் கழிவுநீர்த் தொட்டிகளில் இறங்கியவர்கள் இறந்த செய்தி திரும்பத் திரும்ப வருகிறது, படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். மனிதர் கழிவை மனிதர் அகற்றும் வேலைக்கு ஆள் வைப்பதைத் தடை செய்யும் சட்டம் 2013இல் வந்தது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இத்தகைய சாவுக்கு இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. இவற்றை உங்களைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. புல்தரையில் நாற்றம் வருகிறது என்றால், கீழே தொட்டியில் உயிரைப் பறிக்கும் வாயு உருவாகிக்கொண்டிருக்கிறது என்று அது அறிவிக்கிறது. பம்பு அடைத்துக்கொண்டால் உள்ளே இறங்கிப் பார்த்துவிட்டு வாப்பா என்று சொல்ல நம்மில் யாருக்கும் உரிமை இல்லை.

அந்த நீரே வேண்டாம், லாரித் தண்ணீர் வாங்கிப் புல்லுக்கு விடுவோம் என்று சில வளாகங்களில் தீர்மானம்கூடப் போட்டிருக்கிறார்கள். 2019இன் வறட்சியை அவ்வளவு சீக்கிரம் மறக்க முடிகிறதா? பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த நகரம் இது. புறநகர் கிராமங்களின் கிணற்றை உறிஞ்சி வரும் லாரி நீரைப் புல்லில் ஊற்றுவது அந்தக் கிராமங்களுக்கும் அநியாயம், உங்கள் பணத்துக்கும் அநியாயம். புல்லையே எடுத்துவிட்டுக் கல் பதித்துவிடலாம் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். புல்லைக் குறைப்பதில் எனக்கு மறுப்பில்லை. வேம்பும் புங்கமும் நடலாம், தாராளமாக. ஆனால் புல் போனாலும் கழிவுநீர் போகாது. ஒரு லட்சத்து முப்பதாயிரம் லிட்டர் நாளைக்கும் வரும். எங்காவது போய்ச் சேரும். இதே சென்னையில் மணலியின் தொழிற்சாலைகள் தொண்ணூறுகளிலிருந்தே நகரத்தின் கழிவுநீரை வாங்கிச் சுத்திகரித்துத் தம் ஆலைகளுக்குப் பயன்படுத்தி வருகின்றன. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் திறன் கொண்ட உயர்நிலைச் சுத்திகரிப்பு ஆலைகள் இயங்குகின்றன. ஆலைக் கொதிகலனுக்கும் குளிரூட்டும் கோபுரத்துக்கும் ஏற்ற தரத்தில் கழிவுநீரைத் தர முடிகிற ஊரில், புல்லுக்கு ஏற்ற தரத்தில் தர முடியாது என்பதை நம்பாதீர்கள்.

உங்கள் பங்கையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். டயப்பரையும் நாப்கினையும் ஈரத் துடைப்புத் தாளையும் கழிப்பறையில் போட்டு இழுத்துவிடுபவர்கள் நீங்கள்தான். அவை பம்பில் சுற்றிக்கொண்டு அதை நிறுத்துகின்றன. பொரித்த எண்ணெயைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றினால் அது நீரின் மேல் படலமாகப் பரவிக் காற்றுக்கு இடைஞ்சல் செய்கிறது. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் பினாயிலும் வாளிவாளியாக ஊற்றிக் கழுவினால் உங்கள் குளியலறை பளிச்சென்று இருக்கும், கீழே உங்களுக்காக உழைக்கும் பாக்டீரியாக்கள் செத்துவிடும். இதைச் சொன்னால் சில பொறுப்பாளர்கள் மகிழ்ந்து, பார்த்தீர்களா, தவறு குடியிருப்போர் மேல்தான் என்பார்கள். அப்படித் தட்டிக்கழிக்க முடியாது. எண்ணெய் வரும், துணி வரும், ஆசிட் வரும் என்பதை எதிர்பார்த்துத்தான் கம்பி வலையும் எண்ணெய் பிடிக்கும் தொட்டியும் சமநிலைத் தொட்டியும் வைத்திருக்கிறார்கள். அவற்றை அன்றாடம் துப்புரவாக வைத்திருப்பது பராமரிப்பு ஒப்பந்தக்காரரின் வேலை. அதை மேற்பார்ப்பது நிர்வாகத்தின் வேலை.

கட்டியவர் சரியாகக் கட்டித்தரவில்லை, நாங்கள் என்ன செய்வது என்ற குரலும் கேட்கிறது. இது பல இடங்களில் உண்மை. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டப்படும் வளாகங்கள் முன்அனுமதி பெற வேண்டும். அந்த அனுமதியைப் பெறுவதற்காகப் பெயருக்கு ஒரு நிலையத்தைக் கட்டிவிட்டுப் போனவர்கள் உண்டு. பாதி வீடுகள் காலியாக இருந்த முதல் ஆண்டுகளில் போதிய கழிவுநீரே வராமல் நிலையம் தடுமாறியதும் உண்டு. ஆனால் வளாகத்தைச் சங்கம் பொறுப்பேற்ற நாளிலிருந்து, தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின்கீழ் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் இசைவாணையின் நிபந்தனைகளும் சங்கத்தின் தோளுக்கு வந்துவிடுகின்றன. அந்த ஆணை உங்கள் அலுவலக அலமாரியில் எங்கோ இருக்கும். வெளியேறும் நீரில் எது எவ்வளவு இருக்கலாம் என்று அதில் எழுதியிருக்கும். 2017 அக்டோபரில் மத்திய அரசு, பெருநகரங்களில் சுத்திகரித்த நீரின் பி.ஓ.டி. (அழுக்கைத் தின்ன பாக்டீரியாக்களுக்குத் தேவைப்படும் ஆக்ஸிஜன் அளவு) லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று அறிவித்தது. 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதுவும் போதாது, இன்னும் இறுக்க வேண்டும் என்றது. கட்டியவரோடு வழக்காட வேண்டியிருந்தால் ஆடுங்கள். வழக்கு முடியும்வரை புளோயரை ஓடவிடாமல் இருக்க அது காரணம் ஆகாது.

ஆகவே உங்களிடம் கேட்பது இது. அடுத்த பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் சுத்திகரிப்பு நிலையத்தைத் தனிப்பொருளாகச் சேர்க்கச் சொல்லி, பத்து வீட்டுக்காரர்களாவது கையெழுத்திட்டுச் சங்கத்திடம் கடிதம் கொடுங்கள். புளோயர் இருபத்து நான்கு மணி நேரமும் ஓட வேண்டும், அதற்கென்று தனி மின்மீட்டரும் ஓடிய நேரத்தைக் காட்டும் கருவியும் பொருத்தி அன்றாட அளவை அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். மாதம் ஒருமுறை அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் நீரைச் சோதித்து பி.ஓ.டி., மிதக்கும் திடப்பொருள், மலக்கிருமி எண்ணிக்கை, மிச்சக் குளோரின் நான்கையும் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டச் சொல்லுங்கள். மாதிரியை ஒப்பந்தக்காரரின் ஆள் எடுக்காமல் குடியிருப்போரில் ஒருவர் முன்னிலையில் எடுக்க வேண்டும். மிகக் குறைந்த விலைக்கு வந்தவரிடம் பராமரிப்பை ஒப்படைக்கும் பழக்கத்தை விட்டு, நீரின் தரத்தைப் பார்த்துப் பணம் தரும் ஒப்பந்தமாக அதை மாற்றுங்கள். எந்தக் காரணத்துக்கும் எந்த மனிதரும் தொட்டிக்குள் இறங்கக் கூடாது என்பதை அந்த ஒப்பந்தத்தின் முதல் வரியாக எழுதுங்கள். நீர் சரியாகும்வரை ஸ்பிரிங்க்ளரை மூடிவிட்டுச் சொட்டுநீர்க் குழாயில் செடிகளின் வேருக்கு மட்டும் விடுங்கள். புல் கொஞ்சம் காய்ந்தால் காயட்டும்.

கூட்டத்துக்கு முன்னால் ஒருமுறை நீங்களே கீழே போய்ப் பாருங்கள். ஆபரேட்டரிடம் சொல்லி, ஏரேஷன் தொட்டியின் நீரை ஒரு லிட்டர் கண்ணாடி அளவுக்குடுவையில் எடுத்து அரை மணி நேரம் அசையாமல் வைக்கச் சொல்லுங்கள். எஸ்.வி.30 என்று அவர்கள் சொல்லும் சோதனை இது. இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். கசடு பழுப்பு நிறத்தில் கால்வாசிக்குச் சற்று மேலாகப் படிந்து, மேலே தெளிந்த நீர் நின்று, ஈரமண் வாசம் அடித்தால் நிலையம் உயிரோடு இருக்கிறது. கறுத்துப்போய்க் குமட்டினால் அதை அப்படியே படம் எடுத்து, ஆறு மாத மின்கட்டணச் சீட்டுகளோடு சேர்த்துக் கூட்டத்தில் வையுங்கள். ஒரு வீட்டுக்கு நாளைக்கு மூன்று ரூபாய் கூடுதலாகத் தர யாருக்கெல்லாம் சம்மதம் என்று அங்கே கேளுங்கள். முதலில் உங்கள் கையைத் தூக்குங்கள்.